துருப்பிடிக்காது எண்டு சொன்னீங்களே

தங்கம் வாங்க வருகிறவர்கூட ஒருதரம் உரசிப் பார்த்துவிட்டு நம்பிவிடுவார். சில்வர் தகடு, அதுதான் துருப்பிடிக்காத இரும்புத் தகடு, வாங்க வருகிறவர் தட்டிப் பார்ப்பார், சுரண்டிப் பார்ப்பார், கடைசியில் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார். துணிக்கடையோ மருந்துக்கடையோ, காசு போடுகிற மேசை லாச்சிக்குப் பின்னால் நிற்கிற எல்லாருக்கும் இந்த நோவு தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடை மன்னார் பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து தகடு எடுத்து வருவது என் கணவர். அளந்து விற்பது நான். வெட்டி, வளைத்து, ஒட்டிக் கொடுப்பது நஸீர் நானா. எருக்கலம்பிட்டிக்காரர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். அதனால் பேச்சு வாங்குவதெல்லாம் நான்தான்.

காந்தம்

நல்ல சில்வரில் காந்தம் ஒட்டாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் பாடம். ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலுக்குக் கடிதப் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்யப்போவதாகச் சொன்னார். தகட்டின் நாலு மூலையிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, மடிப்புகளை மட்டும் எங்களையே வளைத்துத் தரச் சொன்னார்.

வளைத்து முடிந்ததும் காந்தம் மறுபடி வெளியே வந்தது. மடிப்பின்மேல் வைத்தால் மெல்லப் பிடித்தது. அவர் முகம் மாறிவிட்டது. வளைக்கிற இடத்தில் தகடு இறுகும், அப்போது சாடையாகக் காந்தம் பிடிக்கும், அதனால் தகடு கள்ளத் தகடு ஆகிவிடாது என்று நான் விளக்கினேன். நஸீர் நானா வேறொரு துண்டை எடுத்து, வளைக்க முன்னும் வளைத்த பின்னும் காந்தத்தை வைத்துக் காட்டினார். தபாற்காரர் இரண்டையும் கவனமாகப் பார்த்தார். வளைத்த தகட்டை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர், திரும்பி நின்று சொன்னார்:

"அப்ப நீங்கள் நல்ல சாமான்தான் தந்திருக்கிறீங்கள் பிள்ளை, வளைக்கேக்கதான் இரும்பாக்கிப் போட்டீங்கள்."

பெரிய நம்பர்

தகட்டின் தடிப்பை கேஜ் என்று ஒரு நம்பரால் சொல்வார்கள். நம்பர் ஏற ஏறத் தகடு மெலியும். பதினெட்டு தடிப்பு, இருபத்துநாலு மெல்லிசு. இதை அடம்பனிலிருந்து வந்த, வயல் செய்கிற ஒரு கமக்காரருக்குச் சொல்லி நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்ய வந்திருந்தார். மாடு புழங்குகிற இடம், பதினெட்டு எடுங்கோ என்றேன். அவர் சிரித்தார். சின்ன நம்பரைத் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். இரண்டு தகட்டையும் கையில் கொடுத்தேன். பாரம் கூடினதுதான் மட்டமான இரும்பாம், நல்ல சாமான் கனக்காதாம். இருபத்துநாலிலேயே தொட்டி செய்வித்து, லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் போயிருக்கும். அதே லான்ட்மாஸ்டரில் தொட்டி திரும்பி வந்தது. பசு குடித்துவிட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து சொறிந்திருக்கிறது. தொட்டி கசங்கின கடதாசிப் பை மாதிரி இருந்தது. நஸீர் நானா பதினெட்டில் புதுத் தொட்டி செய்து, விளிம்பையும் உருட்டி மடித்துக் கொடுத்தார். பழைய தகட்டைக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட வெட்டித் தந்தோம். கமக்காரர் சந்தோசமாகத்தான் போனார். போகும்போது என் மனம் நோகக்கூடாது என்று இப்படிச் சொன்னார்:

"பிழை உங்களில இல்லைத் தங்கச்சி, இந்த நம்பரைக் கண்டுபிடிச்சவன் தலைகீழா நிண்டு எண்ணியிருக்கிறான்."

கேற்றுக்கு வந்த மாப்பிள்ளை

மகளின் கலியாணத்துக்கு முன்னால் வீட்டு வாசலுக்குப் புதுக் கேற் போட வந்தார் ஒரு கொன்ராக்டர். முகம் தெரிகிற பளிங்குத் தகடுதான் வேண்டும் என்றார். வெயிலுக்குக் கண் கூசும், கைபட்டால் அடையாளம் விழும், மெல்லிய கோடு ஓடுகிற மங்கலான தகடு போடுங்கோ என்றேன். கேட்கவில்லை. கேற்றைப் பொருத்தின மறுநாளே பிரச்சினை தொடங்கிவிட்டது. மன்னார்த் தெருக்களில் கழுதைகள் தம் பாட்டில் திரியும் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு கடுவன் கழுதை, கேற்றுக்குள் இன்னொரு கழுதை நிற்பதைக் கண்டுவிட்டது. விடியவே வந்து கத்தும், பிறகு திரும்பி நின்று உதைக்கும். சாக்குக் கட்டித் தொங்கவிட்டார்கள், காற்றுத் தூக்கியது. கலியாணம் நெருங்க நெருங்க, தகட்டில் குழிகள் கூடிக்கொண்டே போயின.

கடைசியில் நஸீர் நானாதான் போனார். குழி விழுந்த தகடுகளை மாற்றினார். பிறகு பாய் போட்டு உட்கார்ந்து, கேற் முழுவதையும் ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து மங்கலாக்கினார். அடுத்த நாள் கழுதை வந்தது, பார்த்தது, போய்விட்டது. கலியாணம் நல்லபடி நடந்தது. எனக்கும் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்ற கொன்ராக்டர் என் காதுக்கருகில் வந்து சொன்னார்:

"ஊர் பார்க்கட்டும் எண்டு போட்ட கேற் அக்கா, ஒவ்வொரு நாளும் வந்து பார்த்தது அந்தக் கழுதை ஒண்டுதான், இப்ப அதுவும் வாறேல்லை."

நண்டு மேசை

வங்காலை றோசலின் அக்காவின் கதை சிரிப்பாகத் தொடங்கவில்லை. அவ நண்டு வாங்கித் தரம் பிரித்துக் கொடுக்கிறவ. நாலு பெண்கள் அவவோடு வேலை செய்கிறார்கள். பலகையில் வைத்துப் பிரித்தால் இனி எடுக்கமாட்டேன், சில்வர் மேசை வேண்டும் என்று நண்டு ஏற்றுகிற லொறிக்காரர் சொல்லிவிட்டார். வீட்டில் சமைக்கிற குசினிக்குப் போடுகிற தகடு கடற்கரைக்குப் போதாது, உப்பைத் தாங்குகிற தகடு வேறு, விலை கூட என்று சொன்னேன். அக்கா யோசிக்காமல் அதையே எடுத்தா. மேசை அழகாக வந்தது. சேர்ச்சில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் அதில் முதல் நண்டை வைத்தாவாம்.

ஒரு மாதமாகவில்லை, ஒரு காலை பஸ்ஸில் வந்திறங்கி, கைபேசியை என் முன்னால் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தா. படத்தில் மேசை முழுக்க மண்ணிறப் புள்ளிகள். பிறகு மெதுவாகச் சொன்னா, துருப்பிடிக்காது எண்டு சொன்னீங்களே. வெள்ளிக்கிழமை லொறிக்காரர் மேசையைப் பார்க்க வருகிறாராம். அவவின் தொழில் போனால் அந்த நாலு பெண்களின் வேலையும் போகும். எங்கள் தகடு கள்ளத் தகடு என்று அந்தக் கரையில் ஒரு வார்த்தை விழுந்தால் எங்கள் கதையும் முடியும்.

கடையைப் பூட்டிவிட்டு அக்காவும் நஸீர் நானாவும் நானும் ஆட்டோவில் போனோம். நஸீர் நானா மேசையைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தார். பக்கத்தில் மண் கறுத்துக் கிடந்தது. இங்கே ஆர் இரும்பு வெட்டினது என்று கேட்டார். அக்காவின் தம்பி, தன் வீட்டு யன்னல் கம்பிகளை மேசை நிற்கிற கொட்டிலுக்குள் நின்றுதான் கிரைண்டரால் வெட்டியிருந்தார். பறந்த இரும்புப் பொறி மேசையில் படிந்து, அந்தப் பொறிதான் துருப்பிடித்திருந்தது. அக்கா நம்பவில்லை. நஸீர் நானா ஒரு தேசிக்காய், எலுமிச்சம்பழம்தான், கேட்டார். வெட்டி ஒரு மூலையில் பிழிந்து, ஊறவிட்டு, கம்பிப் பிரஷ் தொடாமல் பச்சைத் தேய்ப்பான் துண்டால் தகட்டின் கோட்டுப் போக்கிலேயே தேய்த்தார். அந்த மூலை பழையபடி வெளுத்தது. அக்கா குனிந்து பார்த்தா, விரலால் தொட்டா, பிறகு கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தா. அதற்குள் அந்த நாலு பெண்களும் ஆளுக்கொரு தேசிக்காயோடு மேசையைச் சுற்றி நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. லொறிக்காரர் மேசையை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு நண்டை ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். தம்பியோடு சண்டை பிடித்தீர்களா என்று கேட்டேன். அவ சிரித்தா:

"சண்டை ஒண்டும் பிடிக்கேல்லை, இனி இரும்பு வெட்டுறதெண்டால் கடலுக்க இறங்கி நிண்டு வெட்டு எண்டு மட்டும் சொன்னனான்."

உயரம்

வளைகுடாவில் ஹோட்டல் குசினிகளுக்கு சில்வர் பொருத்தி, பல வருசத்துக்குப் பிறகு தலைமன்னாருக்கு வந்தவர் அன்ரன். மனைவிக்குத் தன் கையால் ஒரு குசினி மேசையும் கோப்பை கழுவுகிற தொட்டியும் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்களிடம் தகடு மட்டும் வாங்கினார். வேலை அருமை, ஒட்டின இடம் தெரியாது. ஆனால் உயரத்தைத் தன் இடுப்புக்கு அளந்துவிட்டார். அவர் ஆறடி ஆள். மனைவி மேரி அவர் தோளுக்கும் வரமாட்டா. தொட்டியின் அடியை அவவின் கை எட்டவில்லை.

வெட்கத்தோடு கடைக்கு வந்து, கால்களைக் குறைத்துத் தர முடியுமா என்று அன்ரன் கேட்டார். கொண்டு வாங்கோ, செய்யலாம் என்றேன். அடுத்த நாள் காலை மேரி தனியாக வந்தா. தான் வந்ததை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டா. இத்தனை வருசம் அவர் இல்லாமல் தனியாகச் சமைத்து, தனியாகக் கழுவியவ. இப்போது ஒவ்வொரு இரவும் அவர் கோப்பை கழுவ, தான் பக்கத்தில் கதிரை போட்டிருந்து கதைக்கிறாவாம். அன்று பின்னேரமே அன்ரன் வந்து கேட்டபோது, வேலை நிறைய இருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம் என்று, காலையில் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நஸீர் நானா முந்திக்கொண்டார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பொய் அதுதான். மேரி அன்று காலை கேட்டது இவ்வளவுதான்:

"அக்கா, குறைக்க வேண்டாம், அந்த உயரம் எனக்கு நல்லாப் பொருந்தியிருக்குது."

எந்த இடத்துக்கு எந்தத் தகடு என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அந்தத் தகடு போய்ச் சேருகிற வீட்டில் அதற்கு என்ன நடக்கும் என்று மட்டும் யாரும் என்னை எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிடாதீர்கள்.