கெட்ட கோப்பு என்னுடையது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சம்மாந்துறையில் அரிசி ஆலை கட்டினேன். வங்கி கடன் தரவில்லை, கட்டினேன். கல்முனையில் கடை கட்டினேன். கடல் வந்து கொண்டுபோனது, அதே இடத்தில் மாடியோடு திரும்பக் கட்டினேன். இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தேன். சுவரில் ஒரு வெடிப்பு இருந்தால் காட்டுங்கள். நாலாவதாக, உலகம் முழுக்கக் கணினிக்காரர்கள் பாவிக்கும் மென்பொருள் ஒன்றில் ஒரு கோப்புச் செய்தேன். முதல் மூன்றுக்கும் ஊர் என் பெயரைச் சொல்கிறது. நாலாவதற்கு ஒருவரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் இளைய மருமகன் கட்டாரில் கணினி வேலை பார்த்தவர். எங்கள் வழக்கப்படி என் மகளின் வீட்டில்தான் இருக்கிறார். பிள்ளை பிறந்ததும் ஊருக்கு வந்து நின்றார். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை தருவதாக ஒரு வெளிநாட்டுக் கம்பனி சொல்லியிருந்தது. ஆனால் அவர்கள் பாவிக்கும் அந்த மென்பொருளில் இவருடைய வேலை ஒன்று ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் கட்டார். பயணப் பை கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. நானும் சவூதியில் கிடந்தவன். ஊர் திரும்பிய அன்று என் மூத்த மகள் யாரென்று தெரியாமல் என்னைப் பார்த்து "மாமா" என்றாள். அந்தச் சொல் இன்னொரு வீட்டில் கேட்கக்கூடாது என்று நினைத்தேன்.

மென்பொருளை நான் கேட்டு விளங்கிக்கொண்டேன். என் ஆலையில் ஒரே மோட்டார், ஒரே நீள இரும்புத் தண்டு. உமி நீக்குவது, கல் பொறுக்குவது, சலிப்பது எல்லாம் அந்தத் தண்டில் பெல்ட் போட்டுத்தான் சுற்றும். மருமகனின் மென்பொருளும் அதுதான். கணினிக்குக் கட்டளை எழுதுகிறவர்கள் விடும் பிழைகளைப் பொறுக்கும் பல கருவிகளை ஒரே தண்டில் சுற்றவிடுகிறது. யாரும் அதில் புதுக் கருவி பூட்டலாம். பூட்டியதை அங்குள்ள பெரியவர்கள் பார்த்து ஏற்கவேண்டும். புதிதாக வந்த ஒரு பிழைபொறுக்கிக்கு மருமகன் பெல்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமா, கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். கிட்டத்தட்ட என்ன, அப்படியேதான்.

வீட்டில் கரண்ட் இல்லாத ஒரு நாள் அவர் என் ஆலைக் கந்தோரில், கணக்கு எழுதும் மேசையில் இருந்து வேலை செய்தார். ஜெனரேட்டர் என்னுடையது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடித்து, தொழுதுவிட்டு வந்து அனுப்புவதாகச் சொல்லி அஸருக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். திரையைப் பார்த்தேன். வரிக்கு வரி சிவப்புக் கோடு. என் ஆலையிலிருந்து கல் கிடக்கும் மூட்டை ஒன்று வெளியே போனதில்லை. என் மருமகன் பெயரில் இவ்வளவு சிவப்போடு ஒன்று வெளிநாட்டுக்குப் போவதா? அழிக்கும் விசை எதுவென்று எனக்குத் தெரியும், ஃபோனிலும் அதே அம்புக்குறிதான். சிவப்பு இருந்த இடத்தையெல்லாம் அழித்தேன். திரை துப்பரவானது. மருமகன் வந்து, பார்க்காமலே அனுப்பினார்.

அடுத்த நாள் அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடமிருந்து பதில். பிழை காட்டவேண்டிய மாதிரிக் கோப்பில் பிழையே இல்லையே என்று கேட்டிருந்தார்.

"மாமா, இந்தக் கோப்பத் தொட்டீங்களா?"

"தொட்டன். துப்பரவாக்கினன்."

"யா அல்லாஹ்! அது வேணுமெண்டே பிழையா எழுதினது மாமா. கருவியச் சோதிக்க நல்ல கோப்பு ஒண்டும் கெட்ட கோப்பு ஒண்டும் குடுக்கணும். நல்லதுக்குக் கருவி வாயத் திறக்கப்படா. கெட்டதுக்குக் கத்தணும்."

"அப்ப பிழை இல்லாததுதான் பிழையா?"

"ஓம் மாமா."

"இதென்ன கூத்து மருமகன்!"

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர அவருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. ஆனால் என்னால்தான் பெரியவர் அந்தக் கோப்பை உற்றுப் பார்த்தார். பார்த்ததில் இன்னொன்று கேட்டார்: இந்தப் பிழைகள் மிகவும் ஒழுங்காக இருக்கின்றன, மனிதர்கள் உண்மையில் விடும் பிழைகளாகத் தாருங்கள்.

மருமகனால் முடியவில்லை. படித்த கை. பிழை எழுதப்போனாலும் அழகாக எழுதுகிறது. இதற்கிடையில் கட்டாரிலிருந்து, வருகிறீரா இல்லையா என்று ஃபோன் வந்துவிட்டது. பயணப் பை கட்டிலுக்கு மேலே ஏறியது. மகள் அழவில்லை, சண்டை பிடித்தாள்.

"பிழை விட ஆள் வேணுமெண்டா எங்கட வாப்பாவ இருத்துங்களன். வாட்ஸ்அப்பில அவர் போடுற மெசேஜ் இண்டைக்கு வரைக்கும் ஆருக்காவது விளங்கியிருக்கா?"

"விளங்காட்டியும் எல்லாரும் பதில் போடுறாங்கதானே?" என்றேன்.

உட்கார்ந்தேன். நல்ல கோப்பைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்து எழுதினேன். ஒன்றைச் சொல்லவேண்டும்: நான் பிழையாக எழுதவில்லை, சரியாகத்தான் எழுதினேன். இரண்டு அடைப்புக்குறி இருந்த இடத்தில் ஒன்றே போதுமென்று பட்டது. வீண்செலவு எனக்குப் பிடிக்காது. வரிகளின் முன்னால் வீணாக இடம் விட்டிருந்தார்கள். மூட்டை அடுக்குவதுபோல் எல்லாவற்றையும் ஓரத்தோடு சேர்த்தேன்.

மருமகன் கருவியை ஓடவிட்டார். சிவப்பு கீழே கீழே ஓடி, கடைசியில் எல்லாம் அப்படியே நின்றது.

"மாமா, கருவியே விழுந்துட்டு!"

"கல் கூடினா மெஷின் நிக்கும்தான். பெல்ட்டப் பாருங்க."

பார்த்தார். பிழைகள் அளவுக்கு மிஞ்சி வந்தால் அவர் எழுதிய இணைப்பு தாங்கவில்லை. அதைத் திருத்தி, என் கோப்போடு அனுப்பினார். இப்படியொரு கெட்ட கோப்பைத் தான் பார்த்ததே இல்லை என்று பெரியவர் நன்றி எழுதி, ஏற்றுக்கொண்டார்.

வேலை கிடைத்தது. பயணப் பையில் இப்போது பிள்ளையின் உடுப்புகள். இனி அந்த மென்பொருளில் எவர் எதை மாற்றினாலும் கருவி என் கோப்பைப் படித்துக் கத்திக் காட்டவேண்டும், இல்லையென்றால் அந்த மாற்றம் உள்ளே போகாது. ஆனால் அங்கே பங்களித்தவர் என்று நிற்பது மருமகனின் பெயர் மட்டும். கேட்டேன்.

"பிழை விட்டவர் எண்டு பேர் போட்டா உங்களுக்குத்தானே மாமா வெட்கம்?"

"அந்தப் பிழையாலதானே நீங்க இஞ்ச இரிக்கிறீங்க?"

அவர் பிள்ளையின் உடுப்பை மடிக்கத் தொடங்கினார். மகள்தான் சொன்னாள்: "போட்டு விடுங்களன். இல்லாட்டி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய பள்ளி வாசலிலயும் இதத்தான் கதைப்பார்."

கதைப்பேன். ஆலையில் என் பெயர் இருக்கிறது, கடையில் இருக்கிறது. அந்தக் கோப்பின் தலையிலும் என் பெயர், என் வாப்பாவின் பெயர், ஊர்ப்பெயர் மூன்றும் வரவேண்டும். அந்த ஒரு வரியை மட்டும் மருமகன் எழுதட்டும். அதில் பிழை இருக்கக்கூடாது.