பத்துப் பத்தாய்த் தாவும் மெஷின்

உடம்பைக் குறை என்று சொல்வதற்குக் காசா, பணமா? வாயிருந்தால் போதும். டாக்டர் சொன்னார், மேனேஜர் சொன்னார், டீக்கடை பெஞ்சில் பொரித்த கிழங்கை மொக்கிக்கொண்டிருந்த ஒருத்தன்கூடச் சொன்னான். குறைக்கிற செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருத்தராவது சொல்ல வேண்டுமே, மூச்!

அவன் லாரி டிரைவர். கூட்டாளிகள் அவனுக்கு வைத்திருந்த பெயர் ஃபுல்லோடு. ஸ்டியரிங்குக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கை நுழையாது என்பதால் பெயர் வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நெடுந்தூர வண்டி. ஒரு தடவை கிளம்பினால் வீட்டு வாசலை மறுபடி மிதிக்க வாரம் ஒன்றோ இரண்டோ ஆகிவிடும்.

சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகள் இரண்டின் படிப்புக்கும் சரியாய்ப் போய்விடும். வீட்டில் அடுப்பு எரிந்ததெல்லாம் பேட்டாவில்தான். பேட்டா என்பது வழியில் சாப்பிடுவதற்கென்று கம்பெனி தருகிற தினப்படிக் காசு. அவன் அதை முழுசாய்த் தின்று தீர்த்துவிட்டால் வீட்டில் இருக்கிற மூன்று வயிறும் என்ன செய்யும்? ஆகவே மிச்சம் பிடித்தான். மலிவாய் வயிறு நிறைய வேண்டுமென்றால் மாவும் எண்ணெயும் சர்க்கரையும்தான் கதி. சாலையோரக் கடையில் எண்ணெய் ரொட்டி, ஒரு பொட்டலம் பொரித்த கிழங்கு, கண் சொக்காமலிருக்க இனிப்புத் தூக்கலாய் டீ. ஒரு ஆப்பிளுக்குக் கொடுக்கிற காசில் எண்ணெய் ரொட்டி தின்றால் அடுத்த வேளைவரை பசி எட்டிப் பார்க்காது. இப்படி வீட்டுக்காக மிச்சம் பிடித்ததெல்லாம் வருஷக்கணக்கில் அவன் இடுப்பைச் சுற்றிச் சதையாய் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்த வருஷம் கம்பெனி புதிதாய் ஒரு சட்டம் போட்டது. நெடுந்தூரம் ஓட்டுகிற எல்லோரும் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி டாக்டர் அவன் ரத்தத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், உச்சுக்கொட்டினார்.

"சர்க்கரை ஏறியிருக்கு. வெயிட்டு வேற. பச்சைக் காய்கறி, பழம், முட்டை, முளைகட்டின பயறு, இதெல்லாம் சாப்பிடுங்க. எண்ணெய் ஆகவே ஆகாது. தினமும் நடக்கணும்."

"நான் ஓட்டுறவன் டாக்டர், நடக்கிறவன் இல்லையே."

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜருக்கும் வரவில்லை. "இதோ பாருப்பா, ஆறு மாசம் டைம். அதுக்குள்ள கொறையலைன்னா நெடுந்தூர லைன்லேருந்து எடுத்துருவோம். யார்டுக்குள்ளயே வண்டியை முன்ன பின்ன நகர்த்திக்கிட்டு இருக்கலாம்." யார்டு வேலைக்குச் சம்பளம் உண்டு, பேட்டா கிடையாது.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். நல்லதாய்த் தின்றால் பேட்டா அவன் வயிற்றோடு போய்விடும். கண்டதைத் தின்றால் பேட்டாவே போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வீட்டு அடுப்புதான் அணைகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "இதுக்கா இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? உங்க சாப்பாட்டை நான் கட்டிக் குடுக்கிறேன். பேட்டா எப்பவும் போல மிஞ்சி வீட்டுக்கு வரட்டும். மீதிய நான் பாத்துக்கிறேன்," என்றாள்.

"எதை வச்சுடி பாத்துக்குவ?"

"அது அடுப்படி சமாச்சாரம். ஆம்பளைக்கு எதுக்கு?"

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டான். கிடைத்த பதில் சௌகரியமாயிருந்ததால் அதற்கு மேல் கிளறவில்லை.

அவர்கள் தெருமுனையில் ஒரு எடை மேடை இருந்தது. லோடு ஏற்றப் போகிற வண்டிகள் அதன் மேல் ஏறி, வெறும் வண்டியின் எடையைப் போட்டுக்கொண்டுதான் போகும். மறுநாள் சாப்பாட்டுப் பெட்டியோடு மனைவியும் கேபினில் ஏறி மேடைவரை வந்தாள். அங்கேதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. லாரிக்காரனைத் தவிர வேறு எவனுக்கும் உதிக்காது. ஆஸ்பத்திரியில் சின்னதாய் ஒரு மெஷின் இருக்கும்போது, உடம்பு இளைத்ததா என்று பார்க்க லாரியை நிறுக்கிற மேடைக்கு எவனாவது வருவானா?

"அண்ணே, இது பத்துப் பத்தா தாவுற மெஷின்," என்று எடைக்காரன் முதலிலேயே சொன்னான். "நாலஞ்சு கிலோ முன்ன பின்ன இருக்கும். டன் கணக்குல நிறுக்கிறதுக்கு உங்க தொப்பை ஒரு தூசு."

"தூசா? பாத்துரலாம் போடு."

இரண்டு பேரும் கேபினில் இருக்க ஒரு தடவை போட்டான். டிரைவர் இறங்கினான், எண் நூறு குறைந்தது. எடைக்காரன் சீட்டியடித்தான். பிறகு மனைவி இறங்கினாள், அறுபது குறைந்தது. "அறுபதா? என்னைப் பாத்தா அப்படியா இருக்கு? உங்க மெஷின்ல கோளாறு," என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அவன் அந்தப் பயணம் கிளம்பினான்.

அதன் பிறகு கேபினுக்குள் நடந்த கூத்தைக் கேட்க வேண்டுமே! சீட்டுக்குப் பின்னால் ஈரத்துணியில் கட்டிய பயறு தொங்கும். இன்ஜின் சூட்டில் ஒரே நாளில் அது வால் முளைத்து நிற்கும். கொஞ்சம் அசந்தால் புளித்து நாறிவிடும். அவித்த முட்டையைப் பாட்டில் வைக்கிற குழியில் வைத்தான், முதல் பள்ளத்திலேயே நசுங்கியது. பிறகு துணிக்குள் சுருட்டித் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கப் பழகினான். வெள்ளரிக்காயைக் கண்ணாடி ஓரம் வைத்தால் மத்தியானத்துக்குள் கொழகொழத்துப்போகும் என்பதையும் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டான். எடுத்துப் போன பெட்டி தீர்ந்ததும், வண்டிகள் நிற்கிற இடத்தில் சின்ன ஸ்டவ்வைப் பற்றவைத்து, அவள் அளந்து கட்டிக்கொடுத்த பருப்பை வேகவைத்தான். கூட்டாளிகள் சும்மா விடுவார்களா?

"என்னடா ஃபுல்லோடு, வண்டிக்குள்ள தோட்டம் போட்டிருக்க? அடுத்தது மாடு கட்டுவியா?"

"கட்டுறேன். நீ வந்து சாணி அள்ளு."

வாய் பேசினாலும் மூக்கு சும்மா இருக்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து எண்ணெய் கொதிக்கிற வாசம் வரும். இரண்டு தடவை தோற்றுப்போனான். எண்ணெய் ரொட்டியை வாங்கி, திருடன் மாதிரி டயருக்குப் பின்னால் நின்று விழுங்கினான். அந்த இரண்டு தடவையும் மனைவி போனில், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டபோது, "ஆச்சு, பயறுதான்," என்றான். சொல்லிவிட்டு எப்போதும் போல, "நீ?" என்றான்.

"ஆச்சுங்க."

இந்த 'ஆச்சு' இருக்கிறதே, இதைப்போல ஒரு பொல்லாத வார்த்தை கிடையாது. என்ன ஆச்சு, எவ்வளவு ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை. தான் டயருக்குப் பின்னால் நின்று தின்றதை மூடி மறைத்த அதே வார்த்தைதான் எதிர்முனையிலிருந்தும் வருகிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வருகிற நாட்களிலும் அவள் பரிமாறுவாள். கூட உட்காரச் சொன்னால், "இப்பதான் பிள்ளைங்களோட ஆச்சு," என்பாள். பிள்ளைகள் விளையாடப் போயிருப்பார்கள். யாரைக் கேட்பது?

பேட்டா எப்போதும் போல மிஞ்சி வீட்டுக்குப் போனது. முட்டையும் பழமும் எங்கிருந்தோ தவறாமல் பெட்டிக்கு வந்தன. அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் பொண்டாட்டி கை ராசி அப்படி. அதே காசுதான், வீட்டுக்குச் சோறும் ஆகுது, எனக்கு முட்டையும் வருது," என்று டீக்கடைகளில் அளந்தான். டீயிலும் இப்போது சர்க்கரை கிடையாது.

அவள் கன்னம் ஒட்டியதை ஒரு தடவை கவனித்தான். "என்னடி, ஒரு மாதிரி இருக்க?" என்றான். "நீங்க இளைச்சா நானும் இளைக்க வேண்டாமா? ஜோடிப் பொருத்தம்," என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அடப்பாவி, சிரித்தானே!

ஆறு மாதம் கழித்து டாக்டர் ரத்தத்தைப் பார்த்தார். இந்தத் தடவை உச்சுக்கொட்டவில்லை. "பரவாயில்லையே! இதே மாதிரி விடாம சாப்பிடுங்க. விட்டீங்கன்னா மறுபடி ஏறிடும்," என்றார். மேனேஜர் தோளில் தட்டி, அடுத்த நெடுந்தூர லோடை அன்றைக்கே கையில் கொடுத்தார். லைன் தப்பியது. அவன் வண்டியைப் பறக்கவிட்டுத் தெருமுனைக்கு வந்தான். டாக்டர் சொன்னதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்ட மனைவி சாப்பாட்டுப் பெட்டியோடு எடை மேடை ஓரத்தில் காத்திருந்தாள்.

"ஏறு, ஏறு! அன்னிக்கு மாதிரியே நிறுத்துப் பாக்கணும்."

"நீங்க பாருங்க. எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

"அடுப்பு எங்கயும் ஓடிராது, வா."

கையைப் பிடித்து இழுத்தான். முன்பெல்லாம் அவள் படியில் காலை ஊன்றி, கம்பியைப் பிடித்து, அவனும் மூச்சு வாங்கித் தூக்கினால்தான் ஏறுவாள். இப்போது ஒரே இழுப்பில் சீட்டுக்கு வந்துவிட்டாள். "பாத்தியா, பயறு தின்ன பலத்தை!" என்று புஜத்தைத் தட்டிக்கொண்டான்.

எடைக்காரன் போட்டான். டிரைவர் இறங்கினான். தொண்ணூறு. "அண்ணே, ஒரு தாவல் தாவிட்டீங்க!" என்று எடைக்காரன் கூவினான். பின்னால் வரிசையில் நின்ற டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள்.

"சரி, போதும். கிளம்புங்க," என்றாள் அவள் மேலேயிருந்தே.

"அக்கா, நீங்களும் இறங்குங்க. வெறும் வண்டி எடை போடணும்ல."

அவள் கொஞ்ச நேரம் இறங்கவில்லை. பெட்டியை மடியிலிருந்து எடுத்துச் சீட்டில் வைத்தாள். பிறகு மெதுவாய் இறங்கி மேடையை விட்டுத் தள்ளி நின்றாள்.

எண் நாற்பதுதான் குறைந்தது.

எடைக்காரன் ஒரு தடவை கணக்குப் பார்த்தான். சீட்டில் எண்ணை எழுதக் குனிந்துகொண்டான். டிரைவர் எண்ணைப் பார்த்தபடியே நின்றான். அவன் ஒரு தாவல் இறங்க அவள் இரண்டு தாவல் இறங்கியிருக்கிறாள். பெட்டிக்குள் வந்த முட்டை எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. கை ராசி என்று ஊரெல்லாம் அளந்தானே, அந்த ராசியின் லட்சணம் எதிரே நின்றது. தொளதொளத்த ரவிக்கையை முந்தானை போட்டு மூடிக்கொண்டு நின்றது.

"மெஷினுக்கு என்னங்க தெரியும்?" என்றாள் அவள் சட்டென்று. "பத்துப் பத்தா தாவுற மெஷின். நாலஞ்சு முன்ன பின்ன இருக்கும்னு அவரே சொன்னாரு."

"நீ சாப்பிடுறியா, இல்லையா?"

"சாப்பிடாமயா நிக்கிறேன்?"

"பெட்டிய எடுத்துட்டுப் போ. எனக்கு வேண்டாம். நீயே தின்னு."

"நான் தின்னா லைனை யாரு காப்பாத்துறது?" அவள் குரல் உயரவில்லை. "விட்டா மறுபடி ஏறிடும்னு டாக்டர் சொன்னாருல்ல? உங்களுக்கு ஏறினா பேட்டா போச்சு. பேட்டா போனா பிள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்வீங்க? சொல்லுங்க, கேக்குறேன்."

பதிலா? இருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க மாட்டானா? பேட்டா ஒன்றுதான், ஒன்று அவன் தின்ன வேண்டும், அல்லது அவள் தின்ன வேண்டும். எந்த டாக்டரும் அதை இரண்டாக்கித் தருவதில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இந்தத் தடவை கொண்டாட்டமில்லை, மேடையைக் காலி பண்ணச் சொல்லி அடித்தார்கள். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தான். கண்ணாடியில் அவள் தெருவுக்குள் நடந்து போவது தெரிந்தது.

லோடு ஏற்றி, ஊரைத் தாண்டி, வழக்கமான இடத்தில் மத்தியானம் வண்டியை ஓரம் கட்டினான். போன் அடித்தது.

"சாப்பிட்டாச்சா?" என்றாள்.

அவன் பெட்டியைத் திறந்து மடியில் வைத்திருந்தான். முளைப்பயறு, வெள்ளரித் துண்டு, துணியில் சுருட்டிய முட்டை இரண்டு. வெயில் ஏறுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கெட்டுப்போகும், கெட்டதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

"நீ சாப்பிட்டியாடி?" என்று கேட்டான். அவன் அந்தக் கேள்வியைக் கேள்வியாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஆச்சுங்க."

முட்டையை எடுத்தான். உரித்தான். முழுசாய் வாயில் போட்டுக்கொண்டு, மென்று விழுங்கிவிட்டு, "எனக்கும் ஆச்சு," என்றான்.