தீவு முத்திரை ஒட்டிய ஏழு கடிதங்கள்

தீவுக்குப் போகிற எவரும் முதலில் தராசில் ஏற வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஹெலிகொப்டர்கள் ஏறி இறங்கும் சிறிய தளம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஆட்களையும் பொதிகளையும் நிறுத்து, எடையைத் தாளில் எழுதிப் பைலட்டிடம் கொடுப்பது என் பொறுப்பு. தீவு விடுதிக்குப் போகும் விருந்தாளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறுவார்கள். மன்னாரிலிருந்து வந்த அந்த அக்கா மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி நின்று, “கூடிட்டனோ தம்பி?” என்று கேட்பார்.

அவர் போன தீவு தனியாருக்குச் சொந்தமானது, சின்னது. அங்கிருந்த விடுதியில் அக்கா சமையல் வேலை செய்தார்; மூன்று கிழமை அங்கே, ஒரு கிழமை ஆக்லாந்து நகரின் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த தன் அறையில். தீவின் உரிமையாளர் தனக்கென்று தபால் முத்திரைகள் அச்சடித்திருந்தார். நீலக் கடல், அதன்மேல் சிவப்பு ஹெலிகொப்டர், ஓரத்தில் விலை. அந்த முத்திரை கடிதத்தை எங்கள் தளம் வரைக்கும்தான் கொண்டுவரும். அதற்கப்பால் போக நாட்டு முத்திரையும் வேண்டும். தீவு முத்திரை மட்டும் ஒட்டிய உறைகள் முத்திரை சேர்ப்பவர்களுக்கானவை, அவற்றை இழுப்பறையில் போட்டு வை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் உறையின் வலது மூலையை மட்டும் பார்த்துப் பிரிக்கப் பழகிவிட்டேன். முகவரியை வாசிப்பதில்லை.

தீவுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அக்கா தனக்குக் கடிதம் வந்ததா என்று கேட்பார். நான் இல்லையென்பேன். ஒருநாள் காலை மூடுபனியால் பறப்பு தாமதமாகியது. தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா தன் தங்கையைப் பற்றிச் சொன்னார். தங்கை வெளியுலகத் தொடர்பில்லாத கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்திருந்தார். அங்கே தொலைபேசி கிடையாது, கடிதம் மட்டும்தான்.

“அவள் மடத்துக்குப் போன அண்டு நான் வழியனுப்பக்கூடப் போகேல்லை. உயிரோட சமாதிக்குள்ள போறாய் எண்டு பேசிப்போட்டன். இஞ்ச வந்து மன்னிப்புக் கேட்டு எழுதினன். நாலு மாசமாப் பதில் இல்லை. மன்னிக்கேல்லையாக்கும்.” தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, “வடிவாயிருக்கட்டும் எண்டு ஹெலிகொப்டர் முத்திரையத்தான் ஒட்டுறனான்,” என்றார்.

எனக்கு உள்ளே இருக்கும் இழுப்பறை ஞாபகம் வந்தது. “பக்கத்தில நியூசிலாந்து முத்திரை ஒட்டினீங்களோ அக்கா?”

“அதுவும் ஒட்டவேணுமோ? இதிலயும் விலை போட்டிருக்கே.”

பனி விலகிக்கொண்டிருந்தது. அவர் ஏறிப்போன பிறகு ஒன்றும் சொல்லாமல் முத்திரை வாங்கி ஒட்டி அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திராது. அந்த எண்ணம் வந்ததை மறைக்க மாட்டேன். ஆனாலும் உள்ளே போய் இழுப்பறையைத் திறந்து, ஏழு உறைகளையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். ஏழிலும் மன்னார் என்று எழுதியிருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். அக்கா உறைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். “அப்ப, அவள் கோவிக்கேல்லை,” என்றார். பைலட் கூப்பிட்டார். “போட்டுவிடுங்கோ தம்பி,” என்று உறைகளை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். வேலை முடிந்து போகும் வழியில் ஏழு உறைகளிலும் நாட்டு முத்திரை ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பிறகு திரும்பி வந்தபோதும், அடுத்த முறை தராசில் ஏறியபோதும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்தேன். ஒரு மாதம் கழித்து மன்னாரிலிருந்து பதில் வந்தது. அன்று பாரம் குறைவு. நீயே கொண்டுபோய்க் கொடு என்று பைலட் எனக்கு ஓர் இருக்கை தந்தார். அதுவரை நான் ஹெலிகொப்டரில் ஏறியதில்லை. கடல் காலடியில் சாய்ந்து போனதும், கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்ததும் நினைவிருக்கிறது.

அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வாசித்தார், சிரித்தார், சட்டென்று கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஏழும் ஒன்றாகக் கிடைத்ததாம். திகதியைப் பார்த்து அடுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாகப் பிரிக்கிறாராம் தங்கை.

“கடைசிக் கடிதத்தில கண்டபடி எழுதிப்போட்டன் தம்பி. பதில் போடாத கோவம். அண்டைக்கு ஹெலியில ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது. உங்களிட்டச் சொல்ல வெட்கமாக் கிடந்தது.”

தங்கை ஏழாவதைப் பிரிக்க இன்னும் இரண்டு மூன்று ஞாயிறுகளே மிச்சம். பைலட்டிடம் கெஞ்சிப் பத்து நிமிடம் வாங்கினேன். மாப் படிந்த மேசையில் அக்கா அரைப் பக்கம் எழுதினார். தளத்துக்கு வந்த கையோடு அதை விரைவுத் தபாலில் அனுப்பினேன்.

ஏழாவது கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. தீவு முத்திரையை மட்டும் தங்கை கிழித்து எடுத்திருந்தார்.

இப்போது அந்தத் தீவு கைமாறிவிட்டது. முத்திரைகளும் அடிப்பதில்லை. நான் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் ஏவன்டேல் ஞாயிறு சந்தையில் அக்காவைக் கண்டேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டேன்: அந்தக் கடைசிக் கடிதத்தில் என்னதான் எழுதினீர்கள்?

கத்தரிக்காய்களைப் பொறுக்கிப் பையில் போட்டபடியே சொன்னார்: “அது வேண்டாம் தம்பி. வாசிக்கவேண்டியவளே வாசிக்கேல்லை.”