ரத்னாவின் அம்மாவை எப்படிக் கூப்பிடுவது?

டெட்டால் வாசனை வந்தாலே எனக்கு ரோலா ஞாபகம்தான்... ஷார்ஜாவின் அந்தப் பகுதியில் நாங்கள் வேலை பார்த்த கிளினிக்கும், அதன் மேல்மாடியில் மூன்று பெண்கள் தங்கிய அந்த ரூமும்.

நான் நர்ஸ். தூத்துக்குடி புஷ்பம் அக்காவும் நர்ஸ். மூன்றாவது ஆள் க்ளீனிங் வேலைக்கு இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவர். சசாக் இனம். பிள்ளை பெற்றவளைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு. இனாக் என்றால் அம்மா. மகள் பெயர் ரத்னா, அதனால் இவர் 'இனாக் ரத்னா'. பாஸ்போர்ட்டில் இருந்த பெயர் மேனேஜருக்கு மட்டும்தான்.

எதையும் நேராகக் கேட்கமாட்டார். அதுவும் மரியாதையாம். ஏசியைக் குறைக்க வேண்டுமென்றால், "அக்காக்கு குளிருதா?" என்பார். எங்களிடம் கற்ற தமிழ். புஷ்பம் அக்கா சிரிப்பார்.

"ஏட்டி, வேணும்னா வாயத் தொறந்து கேளேன்!"

சாப்பிட உட்கார்ந்தால், "சிலாக்" என்று எங்களையும் அழைக்காமல் ஒரு வாய் எடுக்கமாட்டார்.

ஒரு மத்தியானம் ஊரிலிருந்து ஃபோன். ரத்னாவுக்குக் காய்ச்சல் என்று தெரியும்... போய்விட்டாள். சின்னப் பெண். அன்றே அடக்கமும் முடிந்திருந்தது.

லீவு கேட்கப் போனவர் மேனேஜரிடம், "சார், டியூட்டி ஜாஸ்தியா?" என்றுதான் கேட்டாராம். ஆமாம் என்றதும் திரும்பி வந்துவிட்டார். விஷயத்தைச் சொல்லி நாங்களே போய்க் கேட்டோம். "ஆள் மாஃபி, லீவும் மாஃபி" என்று அரபியில் இல்லை சொல்லிவிட்டான் பாவி.

அதன்பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது? அந்தப் பெயரைச் சொன்னால் நெஞ்சு வெடித்துவிடாதா? பாஸ்போர்ட் பெயரும் வாயில் வரவில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க" என்றே சமாளித்தோம். அவர் துடைத்த தரையையே துடைத்துக்கொண்டிருந்தார். சிலாக் சொல்வதும் நின்றுபோனது.

ஒரு வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே புஷ்பம் அக்கா, "இந்தாம்மா, கொழம்பு ஊத்தவா?" என்றார்.

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "அக்கா... இந்தாம்மா வேண்டாம். ரத்னா பேர் சொல்லி கூப்பிடு."

அவர் வாயிலிருந்து நேராக வந்த ஒரே வேண்டுகோள் அதுதான்.

"ஒனக்கு வலிக்குமேன்னுதாம்மா..." என்றார் அக்கா.

"வலிக்கும். கூப்பிடு. நீங்க கூப்பிடலன்னா, நான் யாருக்கு அம்மா?"

கூப்பிட்டோம். மூன்று பேரும் அழுதோம். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது சென்னையில், ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் நான் 'அகிலன் மம்மி'. எங்களுக்கென்று பேர் இல்லையா என்று மற்ற அம்மாக்கள் சண்டை போடுகிறார்கள். நியாயம்தான். எனக்கு மட்டும் வாய் வருவதில்லை. கூப்பிட்டால் போய் நிற்கிறேன்.

கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போனவரோடு தொடர்பு விட்டுப்போனது. அங்கே இன்னும் யாராவது அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, தெரியவில்லை. இங்கே நான் ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறேன்...

இனாக் ரத்னா.