நீலப் பஸ்ஸும் என் ரொட்டி சானாயும்

தைப்பிங்கில் படிக்கும் என் மகள் போன மாதம் கேமரன் மலைக்குச் சுற்றுலா போயிருந்தாள். நான் ஈப்போவில் ஒரு கடையில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். அந்த மலைக்கு ஏறும் சிம்பாங் பூலாய் பாதையில் மாணவர்களின் நீலப் பஸ் மண்சரிவில் சிக்கியதாக ஒரு வீடியோ வந்தது. எந்நேரமும் செய்தி பகிரும் மகளின் சமூக ஊடகப் பக்கங்களைத் தேடினால், ஒன்றையும் காணோம். பக்கத்து மேசைக்காரரின் செருப்பை மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினேன். போன் செய்யலாம் என்பதே அங்கே போய்த்தான் தோன்றியது.

"நீலப் பஸ்ஸாப்பா? அது பழைய வீடியோலா. போன வருஷம் நீங்கதான் குடும்ப குரூப்ல அனுப்புனீங்க!"

"அப்போ உன் பக்கமெல்லாம் எங்கம்மா?"

"அழிச்சிட்டேன்பா. அதுல வந்த யாரோ செத்தவங்க படத்தைப் பார்த்துக்கிட்டே மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டேன். ஒண்ணுமே தோணல. அதான் பயமாயிருச்சு."

செருப்பைத் திருப்பிக் கொடுத்து, ஆறிப்போன ரொட்டியைத் தின்று முடித்தேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. அந்த நீலப் பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் பிழைத்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. போன வருஷமும் கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை.

இப்போது எந்த வீடியோவையும் யாருக்கும் அனுப்புவதில்லை. சாப்பிடும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறேன். மகள் அழைத்தால் மட்டும் திருப்புகிறேன்.