குளிர்பெட்டியில் என் எலும்பு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் கௌரவம். பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில், துவாஸ் என்ற இடத்தில் ஒரு கப்பல் பட்டறையில் நான் பாதுகாப்பு மேற்பார்வையாளன். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, "சின்ன அடியோ சின்ன வலியோ, ஒளிக்காம வந்து சொல்லணும், ஒளிச்சா நட்டம் உங்களுக்குத்தான்" என்று ஒலிபெருக்கியில் கத்துவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதே வாயை வைத்துக்கொண்டு, வலது தொடை இடுக்கில் வந்த வலியை மாதக்கணக்கில் ஒளித்துவைத்திருந்தேன். நொண்டுவது தெரியாமலிருக்க நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று, முக்கியமான செய்தி வந்ததுபோல் கைப்பேசியை முறைப்பேன். ஒருநாள் புதுக்கோட்டைக்கார வெல்டர் ஒருவன் வரிசையிலிருந்தே கேட்டான்: "சார், உங்க கால் வலிய யாருகிட்ட ரிப்போர்ட் பண்ணணும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "புது பூட்ஸ்டா, கடிக்குது" என்றேன். பூட்ஸ் தேய்ந்து வாய் பிளந்திருந்தது.

இந்த ஊரில் நொண்டுபவனுக்கு நடப்பதே வேறு. ஆங் மோ கியோ போகும் ரயிலில் ஏறினால், காதில் எதையோ மாட்டியிருக்கும் ஒரு பெண் தலைநிமிராமலே எழுந்துகொள்வாள். இருக்கை காலியாகும். ஒரு வார்த்தை கிடையாது. எங்கள் ஊர்க் குளித்தலைக்குப் போகும் பேருந்தில் நான் இப்படி ஏறியிருந்தால் இடம் கிடைத்திருக்குமோ என்னவோ, விசாரணை கிடைத்திருக்கும். என்ன ஆச்சு, எப்ப ஆச்சு, யாரிடம் காட்டினாய், அந்த ஆள் சரியில்லையே, என் மச்சானுக்கும் இப்படித்தான் வந்து கடைசியில்... என்று முசிறி தாண்டுவதற்குள் எனக்குப் பாதிக் கருமாதி முடிந்திருக்கும். முதல் சில வருடங்கள் இந்த ஊரின் மௌனத்தைத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்த மௌனத்துக்குள் புகுந்து ஒளிந்துகொண்டேன். யாரும் கேட்காத வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை.

ஏன் ஒளிந்தேன் என்று சொன்னால்தான் புரியும். அதற்கு முந்திய வருடம் எனக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்து, கீமோ கொடுத்து, போய்விட்டது என்று சொல்லியிருந்தார்கள். போனது போனபடி இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கீமோ என்றால் கையில் ஏறும் மருந்து மட்டும் என்று நினைத்திருந்தேன். கூடவே கைநிறைய ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. அதை விழுங்கிய நாட்களில் எனக்கு வந்த பசியை லிட்டில் இந்தியாவின் பரோட்டாக் கடைக்காரர் இன்றும் மறந்திருக்கமாட்டார். உடம்புக்குள் யுத்தம் நடந்துகொண்டிருக்க, நான் வெளியே குருமா கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு இதை நாங்கள் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும்: கெட்டது நடந்தால், நடந்து முடிந்தபிறகு, "அப்போ ஒண்ணு வந்துச்சு, இப்போ சரியாயிடுச்சு" என்று கடந்தகாலத்தில் மட்டுமே ஊருக்குச் சொல்லவேண்டும். குளித்தலையில் இருக்கும் என் அண்ணன் மோட்டார் பம்பு பழுதுபார்ப்பவர். பேச்சை அளந்து பேசுவார் என்பதுகூடத் தப்பு, பேசவே மாட்டார். வீடியோ அழைப்பில் அண்ணிதான் பேசுவார், அண்ணன் பின்னால் நாற்காலியில் போட்ட போர்வையைப்போல் இருப்பார். முடி கொட்டியபிறகு அழைப்பை எடுத்தேன்.

"என்ன தம்பி, மொட்டை?"

"தைப்பூச வேண்டுதல் அண்ணி. இங்கயே முருகனுக்குக் குடுத்துட்டேன்."

தமிழனாகப் பிறந்ததற்கு அன்றுதான் உண்மையில் நன்றி சொன்னேன். வேறு எந்த நாட்டுக்காரனுக்கு இப்படி ஒரு சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது? அடுத்த மாதமும் மொட்டை. "பெரிய வேண்டுதல் அண்ணி, தவணையில கட்டுறேன்" என்றேன். அண்ணி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"சரி தம்பி, புருவத்தையுமா முருகன் கேட்டாரு?"

பின்னால் அண்ணன் கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய்விட்டார். அடுத்த அழைப்புக்கு என் மனைவி மங்கை எனக்கு மை பென்சிலால் புருவம் வரைந்துவிட்டாள். இடது புருவம் சற்று உயரமாகப் போய்விட்டதால் அழைப்பு முழுக்க அண்ணி சொன்ன எதையும் நம்பாதவனைப்போல் இருந்தேன்.

அதனால்தான் தொடை இடுக்கில் வலி தொடங்கியபோது எனக்கு வேறு எந்த விளக்கமும் தோன்றவில்லை. எலும்புக்கு வந்துவிட்டது. திரும்ப வந்துவிட்டது. பகலில் பட்டறைச் சத்தத்தில் மறந்திருப்பேன். மின்தூக்கியில் தனியாக மேலே போகும் அந்தச் சிறு பொழுதில் அந்த நினைப்பும் கூடவே ஏறிக்கொள்ளும். டாக்டரிடம் போனால் அது உண்மையாகிவிடும், போகாதவரை வெறும் வலி. இந்தத் தர்க்கத்தை என்னிடம் வேலைபார்க்கும் ஒருவன் சொல்லியிருந்தால் அன்றே அவனை ஆம்புலன்ஸில் ஏற்றியிருப்பேன்.

மாட்டிக்கொண்டது சாமி சன்னிதியில். சிராங்கூன் சாலைக் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். பழக்கதோஷத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். விழுந்தது நான், எழுந்திருக்க மறுத்தது இடுப்பு. இரும்புக் கம்பியைச் சொருகித் திருகியதுபோல் வலி. முகம் தரையில், மூக்கில் விபூதி. சுற்றி வந்தவர்கள் என் பக்தியைக் கலைக்கவேண்டாமென்று மரியாதையாக விலகிப் போனார்கள்.

"ஏங்க, எந்திரிங்க" என்றாள் மங்கை.

"வேண்டிக்கிட்டிருக்கேன்."

"இவ்வளவு நேரமா? அப்படி என்ன வேண்டுதல்?"

"எந்திரிக்கணும்னுதான்."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துவிட்டது. கைகொடுத்துத் தூக்கி டாக்சியில் ஏற்றினாள். மருத்துவமனை வாசலில் இறங்கும்போது, "எனக்கும் மொட்டைக் கதைதானா?" என்றாள்.

ஸ்கேன் குழாய்க்குள் படுத்திருந்தபோது அது போட்ட சத்தம் எங்கள் பட்டறைச் சத்தத்தையே தோற்கடித்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பயத்தில் நடுங்குவது அசைவில் சேருமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. பயம் வந்தால் எனக்கு நகைச்சுவை வரும், அது ஒரு வியாதி. ஆனால் எலும்பு டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பியபோது அதுவும் வரவில்லை. அவர் சீனப் பெண்மணி, மெதுவான ஆங்கிலத்தில் பேசினார். தொடை எலும்பின் மேல்முனையில், இடுப்புக் குழியில் பந்துபோல் உட்காரும் தலைப்பகுதி செத்துப்போயிருக்கிறது. அதற்கு ரத்தம் போகவில்லை. கீமோவோடு கொடுத்த ஸ்டீராய்டு காரணமாக இருக்கலாம். பந்து ஒருபக்கம் நொறுங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டு உலோக மூட்டு பொருத்தவேண்டும்.

"அப்போ பழைய நோய் இல்லையா?" என்று மங்கை கேட்டாள்.

"அப்படித் தெரியவில்லை. ஆனால் எலும்பை வெளியே எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்லமுடியும்."

ஆக, என்னைக் காப்பாற்றிய மாத்திரையே போகிறபோக்கில் என் எலும்பைத் தின்றிருக்கிறது. அப்படியும் சந்தோஷப்படமுடியவில்லை, தின்றது அதுதானா என்று உறுதியில்லை. எல்லோருக்கும் இப்படி ஆகுமா என்று கேட்டேன். "சிலருக்கு மட்டும்தான். ஏன் அந்தச் சிலருக்கு என்று முழுதாகத் தெரியாது, அதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்" என்றார். பிறகு அறுவைச் சிகிச்சையில் வரக்கூடியவற்றைச் சொன்னார்: கிருமி தொற்றலாம், காலில் ரத்தம் உறையலாம், மூட்டு நழுவலாம், ஒரு கால் நீளமாகிவிடலாம். கீமோ கண்ட உடம்பென்பதால் கிருமியைப் பற்றி இரண்டுமுறை சொன்னார். இனிச் சம்மணம் போட்டு உட்காரக்கூடாதாம், குந்தக்கூடாதாம். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். மேசைக்கடியில் மங்கையின் கை என் கையைப் பிடித்திருந்தது.

சிகிச்சைக்கு முந்திய நாள் கவிதா வந்தாள். ஆராய்ச்சிப் பிரிவில் வேலைசெய்யும் உள்ளூர்த் தமிழ்ப்பெண், பேச்சில் இந்த ஊர் 'லா' ஒட்டியிருக்கும். வெளியே எடுக்கும் எலும்பில் சோதனைக்குப் போனது போக மீதியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டாள்.

"அங்கிள், உங்களுக்கு எக்ஸ்ட்ரா வலி ஒண்ணும் இல்ல. எப்படியும் வெளிய எடுக்கப் போறாங்க லா. நாங்க ஃப்ரீசர்ல வச்சு ஸ்டடி பண்ணுவோம்."

அங்கிள் என்றது முதல் அடி. அதைத் தாங்கிக்கொண்டு, "எப்பத் திரும்பத் தருவீங்க?" என்றேன்.

அவள் என் பயத்தைப் புரிந்துகொண்டவள்போல் குரலைத் தாழ்த்தினாள். "வொரி பண்ணாதீங்க அங்கிள். உங்க பேரு இருக்காது, நம்பர் மட்டும்தான். அது யாரோடதுன்னு யாருக்குமே தெரியாது."

அதுதான் என் பயமே என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அப்பாவுக்குக் கொள்ளிவைத்த மறுநாள் காலையில் அண்ணனும் நானும் சாம்பலுக்கு முன்னால் குந்தியிருந்தோம். பால் தெளித்து, காலிலிருந்து தொடங்கித் தலைவரைக்கும் ஒவ்வோர் இடமாக எலும்பு பொறுக்கவேண்டும். அண்ணன் சூடு ஆறாத சாம்பலுக்குள் விரல்விட்டுத் துழாவி எடுத்து, இது கால், இது இடுப்பு என்று சொல்லாமலே சட்டியில் வைத்தார். ஒன்றும் விட்டுப்போகக்கூடாது என்பதுபோல் திரும்பத் திரும்பத் துழாவினார். பிறகு அதைக் காவிரியில் கரைத்தோம். எனக்கும் ஒருநாள் அப்படி யாராவது துழாவினால் வலது இடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஓர் உலோகப் பந்து கிடைக்கும். எலும்பு இங்கே, கடலுக்கு இப்பால், ஒரு நம்பரோடு குளிர்ந்துகொண்டிருக்கும். இத்தனை வருடம் இந்த ஊரில் உழைத்தேன், வீடு வாங்கினேன். அப்போதெல்லாம் நான் வந்துபோகிறவன் என்றுதான் மனத்துக்குள் வைத்திருந்தேன். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டபோதுதான் இங்கே குடியேறியதாகத் தோன்றியது. ஏன் சம்மதித்தேன்? ஏன் சிலருக்கு மட்டும் என்று டாக்டர் சொன்ன அந்தச் சிலரில் அடுத்து வருகிறவன் இப்படிச் சன்னிதியில் குப்புறக் கிடக்கவேண்டாமே என்றுதான். அவ்வளவு பெரிய மனது எனக்குக் கிடையாது. பயத்தில் வந்தது.

முதுகில் ஊசிபோட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்தார்கள். பாதி மயக்கத்தில் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டது. வலிக்கவில்லை. ஆனால் அடிக்கப்படுவது நான் என்பது தெரிந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார்களா என்று பார்க்கத் தலையைத் தூக்கினேனாம்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் வந்தது. கட்டுக்கு மேலே ஈரம் கசிந்தது. டாக்டர் பயந்தது கிருமிக்கு. நான் பயந்தது பழைய ஆளுக்கு, போனமுறையும் காய்ச்சலில்தானே அவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். எலும்புச் சோதனை முடிவு வரவில்லை. தாதிகள் ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், என்னைப் பார்க்காமல் இயந்திரத்தைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. குளித்தலைப் பேருந்துக்காரர்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று என்ன ஆச்சு, எப்ப ஆச்சு என்று கேட்டால் தேவலை என்றிருந்தது. நான் இங்கே முடிந்துபோனால் அண்ணனுக்குப் போகும் முதல் செய்தியே கடைசிச் செய்தியாக இருக்கும். மொட்டைக்கும் சாவுக்கும் நடுவே என்ன நடந்ததென்று தெரியாமல் அந்த மனிதர் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

காய்ச்சல் இறங்கத் தொடங்கிய பிற்பகலில் டாக்டர் வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மங்கை என் தோளை இறுக்கினாள், டாக்டர்கள் உட்கார்ந்தால் கெட்ட சேதி என்பது எங்கள் கணக்கு. "எலும்பில் புற்று இல்லை. செத்த எலும்பு, அவ்வளவுதான்" என்றார். செத்தது என்ற சொல்லுக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட குடும்பம் அந்த வார்டில் வேறு இருந்திருக்காது. மங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். டாக்டர் அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இடது பக்கத்திலும் அதே மாற்றம் தொடங்கியிருக்கிறது, கவனமாகப் பார்த்துவரவேண்டும் என்றார். ஆக பயம் முடியவில்லை, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு வீடு மாறியிருக்கிறது.

அன்று மாலையே குளித்தலைக்கு அழைத்தேன். அண்ணி எடுத்தார். "அண்ணன்கிட்டக் குடுங்க" என்றேன். அப்படி நான் கேட்டதே இல்லை. கிரீஸ் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு அண்ணன் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கடந்தகாலத்தில் சொல்லவில்லை, உள்ளபடியே சொன்னேன். புற்றுநோய், மாத்திரை, மொட்டை, வரைந்த புருவம், இடுப்பு, இன்னும் இறங்கிமுடியாத காய்ச்சல், இடப்பக்கம். இடையில் சிரிக்கவைக்கப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. பின்னால் அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, எடுத்த எலும்ப ஆராய்ச்சிக்குன்னு இங்கயே குடுத்துட்டேன். ஃப்ரீசர்ல இருக்கு. இனிமே திரும்பி வராது" என்றேன்.

அண்ணன் கை துடைத்த துணியை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்:

"சரி, மிச்சத்தக் கூட்டிக்கிட்டு எப்ப வர்ற?"