சூனியக்காரி பேசிய பாஷை

போன ஞாயிற்றுக்கிழமை இறால் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே என் தங்கை மகள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூட உட்கார்ந்து உரிக்க வாடி என்றால் கை நாறும் என்கிறாள். சரி, அந்தச் சிரிப்பையாவது எனக்கும் கொடு என்றேன். சூனியக்காரிகளும் மந்திரவாதிகளும் மோதிக்கொள்கிற ஏதோ ஒரு மர்ம நாவலாம். நாவலை அவள் இன்னும் வாங்கவில்லை. படித்தவர்கள் எழுதிய கருத்துகளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் நட்சத்திரங்களை அள்ளிக் கொடுத்திருந்தார். இன்னொருவர், கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, காசு தண்டம் என்று திட்டியிருந்தார். அடுத்ததை அவள் சத்தமாகவே வாசித்தாள்: "சூனியக்காரி பேசுற மெட்ராஸ் பாஷை செம காமெடி!"

எனக்கு வந்ததே கோபம். கையிலிருந்த இறாலைப் பாத்திரத்தில் எறிந்துவிட்டேன். இத்தனை காலம் கழித்தும் சூனியக்காரியின் வாயில் எங்கள் பேச்சைத்தான் திணிப்பார்களா? தங்கை மகள் மிரண்டுபோய், "இன்னா பெரிம்மா, உனக்கு இன்னா ஆச்சு?" என்றாள். அவள் வாயிலும் அதே பேச்சுதான். அதைச் சொன்னேன், அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த இறால் வாடை இருக்கிறதே, சோப்புப் போட்டாலும் போகாது, எலுமிச்சை தேய்த்தாலும் போகாது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த வாடையோடுதான் நான் பஸ் ஏறுவேன். பக்கத்து இருக்கை எனக்கு எப்போதும் காலியாகவே கிடைக்கும். ராயபுரம் கடலோரத்தில் ஏற்றுமதிக்கு இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் கோட்டை விட்டவள் நான். என்னைப் போய் எடை போட வைத்தார்கள். அந்தக் கம்பெனி பிற்பாடு மூடப்பட்டதற்கு நான் காரணமில்லை என்று மட்டும் இங்கே பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

நீளநீளமான தகர மேஜைகள். இரு பக்கமும் பெண்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நரம்பை எடுத்து, பேசின் என்கிற அகலக் கிண்ணத்தில் போட வேண்டும். எல்லாம் ஐஸுக்குள் கைவிட்டுச் செய்கிற வேலை. விரல்கள் வெளுத்து ஊறிப்போய், மாலையில் புடவை முடிச்சைக்கூட அவிழ்க்க வராது. ஆனால் ஐஸ் லாரி வராமல் இறாலைத் தொடக்கூடாது என்பது சட்டம். லாரியோ மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்துக்குத்தான் வரும். அதுவரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்துக்கு எங்களுக்குக் கிடைத்ததுதான் மேஸ்திரி வாங்குகிற வாரப் பத்திரிகை. அதில் ஒரு மந்திரவாதத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அவர் படித்து முடித்ததும் எனக்குக் கொடுப்பார். நான் எடைத்தராசுப் பக்கத்தில் நின்று உரக்கப் படிப்பேன்.

கருத்துச் சொல்வதற்கு எங்களுக்குக் கைபேசி தேவைப்படவில்லை. நான் ஒரு பத்தி படித்தால் அவர்கள் ஒன்பது பத்தி பேசுவார்கள். மந்திரவாதி விடிய விடியப் பூஜை செய்தான் என்றால் ரெஜினா அக்கா குறுக்கே வருவாள். அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. "ராவெல்லாம் கண் முழிச்சிகினு இர்ந்தா காலீல எந்த ஷிப்டுக்குப் போவான் அவன்? வேலைவெட்டி இல்லாதவன்தான் மந்திரம் பண்ணுவான் போல கீது." எலுமிச்சம்பழங்களைக் குவித்து வைத்துக் குங்குமம் பூசினார்கள் என்றால், தண்டையார்ப்பேட்டை பாத்திமாவுக்குப் பொறுக்காது. "அத்தினி எலுமிச்சம்பயத்தயும் கலீஜ் பண்ணிட்டானே! ஊறுகாயாவது போட்ருக்கலாம்ல?" எந்தப் பேராசிரியரும் அந்தக் கதையை இவ்வளவு கவனமாக ஆராய்ந்திருக்க மாட்டார்.

அந்தக் கதையில் வருகிற சூனியக்காரிக்குச் சுடுகாட்டு ஓரத்தில் குடிசை. உதட்டுக்கு மேலே பெரிய மச்சம் என்று ஓவியர் வரைந்திருந்தார். அவள் ஒருத்திதான் "இன்னா", "கீது" என்று பேசுவாள். மந்திரவாதியோ வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, சுத்தத் தமிழ். "அஞ்சாதே பெண்ணே, தீயசக்தி எதுவாயினும் யான் விரட்டுவேன்" என்பான். முதலில் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. நம்ம ஆள் ஒருத்தி கதையில் வந்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டோம். அவள் குழந்தையின் ரத்தம் குடிக்கிற அத்தியாயம் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது.

எங்கள் ஷெட்டில் மங்கா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. இரண்டு பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். வீடு மூலக்கொத்தளத்தில், சுடுகாட்டுச் சுவரை ஒட்டியே. போதாக்குறைக்கு உதட்டுக்கு மேலே மச்சம் வேறு. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. அப்புறம் கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற இரண்டு பெண்களில் ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மங்கா அந்தப் பிள்ளையை ஒருநாள் கொஞ்சியிருந்தாளாம். இரண்டு பேரும் மேஸ்திரியிடம் போய், அவள் உட்கார்கிற மேஜையில் நாங்கள் உட்கார மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. தலைவலி வேண்டாம் என்று நினைக்கிறவர். திங்கட்கிழமையிலிருந்து மங்கா வெளியே போய் இறால் தலை அள்ளட்டும் என்று முடிவு செய்தார். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மேஜையில் உரித்தால் பேசினுக்கு இவ்வளவு என்று கூலி. வெளியே ஈ மொய்க்கிற குவியலில் தலை அள்ளினால் அதில் பாதிகூட வராது. அந்த மேஜை இடம் போனால் மங்காவின் பெண்களுக்குப் பள்ளிக்கூடமும் போய்விடும். அவள் அழவில்லை. "பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பழியில் எனக்கும் பங்கு இருந்தது. அந்தக் கதையை வாரா வாரம் ராகம் போட்டுப் படித்தது நான் அல்லவா?

திங்கட்கிழமை காலை. மங்கா வந்தாள், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். மேஸ்திரி பார்த்துவிட்டு, "ஐஸு வர்ற வரைக்கும் குந்து. வந்ததும் வெளிய போய்டணும்" என்றார். பாத்திமாதான் என்னிடம், "கதயாவது படி" என்றாள். பத்திரிகையைப் பிரித்தேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பேச்சை அப்படியே தலைகீழாக மாற்றிவிட்டேன்.

மந்திரவாதி சந்தனப் பொட்டோடு வந்து, "பயப்படாத கண்ணு! எந்தப் பேயா இர்ந்தாலும் நான் அட்ச்சித் தொர்த்திட்றேன். நீ சொம்மா குந்து" என்றான். சூனியக்காரி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, "யாரங்கே? என் அனுமதியின்றி என் குடிலுக்குள் பிரவேசித்தது யார்?" என்று கேட்டாள்.

ஷெட்டே நிமிர்ந்து உட்கார்ந்தது. "யம்மாடி! இவ ரேஷன் கடையாண்ட சீட்டு கொட்க்குற அம்மா மாதிரியே பேசறாளே!" என்றாள் ரெஜினா அக்கா. "அந்தம்மாவுக்கு மெய்யாலுமே சூனியம் தெரியும்க்கா. நம்ம போய் நின்னா சக்கர மாயமா பூடுது" என்றாள் பாத்திமா. மந்திரவாதிக்கோ ஏக மரியாதை. நம்ம பேட்டை ஆள்தான், தங்கமான புள்ள என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கொருக்குப்பேட்டைக்காரிகள்கூடச் சிரித்தார்கள். நான் உற்சாகத்தில் கதையில் இல்லாத வசனங்களையும் அள்ளி விட்டேன்.

மேஸ்திரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. "ஏய், இன்னாமே மாத்திப் படிச்சிகினு கீறே?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். "நான் முன்னாடியே பட்ச்சிட்டேன். சூனியக்காரிதாம்மே 'இன்னா, கீது'ன்னு பேசறா! மந்திரவாதி டீசண்டா பேசுவாரு. இன்னா, காதுல வியுதா?"

மங்கா மெதுவாக எழுந்தாள். "இப்ப நீ இன்னா பேசினே மேஸ்திரி?"

"இன்னா பேசினேன்?" என்றார் அவர், அப்பாவியாக.

வெடித்துக் கிளம்பிய சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. மேஸ்திரிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் காது மடல் வரை சிவந்துபோனார். மங்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்பிடி பேசறவ சூனியக்காரின்னா இந்த ஷெட்டுல கீற அத்தினி பேரும் சூனியக்காரிங்கதான். நீயும் சேத்திதான். அப்ப நான் மட்டும் ஏன் வெளிய போவணும்? எல்லாரும் போறோம். எறாவ நீயே உரி, நைனா."

அந்த நேரம் பார்த்து ஐஸ் லாரி வந்து ஹாரன் அடித்தது. ரெஜினா அக்கா தன் பேசினைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே பாத்திமா. அப்புறம் மேஜை மேஜையாக எழுந்தோம். போய் அந்தத் தலைக்குவியலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். ஈ மொய்த்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது, ஒருத்தியும் நகரவில்லை. உள்ளே கொருக்குப்பேட்டைப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவள் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். தனியாக நிற்கப் பயந்து மற்றவளும் பின்னாலேயே ஓடி வந்தாள். லாரியிலிருந்து ஐஸ் உருகித் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை விடவில்லை.

மேஸ்திரி வந்தார். "போதும், பேஜாரு பண்ணாதீங்க. உள்ள வந்து குந்துங்க."

"என் எடத்துலயா?" என்றாள் மங்கா.

"உன் எடத்துலதான், ஆத்தா."

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அந்தப் பத்திரிகையில் வாசகர் கருத்து என்று ஒரு பக்கம் இருந்தது. நாங்களும் வாசகர்தானே என்று ஒரு கார்டு போட்டோம். அவர்கள் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதினேன்: "ஐயா, உங்க சூனியக்காரி எங்கள மாதிரி பேசறா. நாங்க யாருக்கும் சூனியம் வெச்சதில்ல. இனிமேட்டு அந்த மந்திரவாதிய இப்பிடி பேச வெச்சிப் பாருங்க, ஷோக்கா இர்க்கும்." சில வாரம் கழித்து அச்சில் வந்தது. எப்படி வந்தது தெரியுமா? "சூனியக்காரியின் பேச்சு வெகு தத்ரூபம்! வாய்விட்டுச் சிரித்தோம். - வாசகியர், ராயபுரம்."

எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சில் இருந்ததை நான் படிக்கவில்லை. நாங்கள் எழுதியதைப் படித்தேன், ஓர் எழுத்தும் மாற்றாமல். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது. இன்று வரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை, படப்போவதும் இல்லை.

அந்தப் பத்திரிகை நின்றுபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தக் கதையை நினைவு வைத்திருப்பவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஷெட்டை இடித்து, உயரமாகச் சுவர் எழுப்பி, கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரெஜினா அக்கா இல்லை, மேஸ்திரி இல்லை, மங்காவும் இல்லை. இங்கேதான் மேஜை இருந்தது என்று காட்ட ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. ஆனால் கம்பெனி மூடிய நாள் வரைக்கும் மங்கா உள்ளேதான் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட வெளியே போய்த் தலை அள்ளவில்லை.